மழுங்கிய உளிதான் ஆபத்து! மரக் கடைசலில் குழி உளியைப் பிடிப்பதும் சாணை பிடிப்பதும் எப்படி?

பூரிக்கட்டை, மோர் மத்து, பம்பரம், கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடியைத் தாங்கும் குட்டித் தூண், குழந்தைகளின் சொப்பு சாமான். வீட்டில் உருண்டையாக இருக்கும் மரப்பொருள் எதை எடுத்தாலும், பெரும்பாலும் அது ஏதோ ஒரு கடைசல் பட்டறையில் பிறந்ததாகத்தான் இருக்கும். மரம் சுழலும், உளி அதைத் தொட்டு உருவம் கொடுக்கும். அதுதான் கடைசல்.

இந்த வேலையை இப்போது பொழுதுபோக்காகவும் பலர் தொடங்குகிறார்கள். மேஜை மேல் வைக்கிற அளவுக்குச் சின்ன மின்சார லேத், ஆறேழு உளிகள் கொண்ட செட் என எல்லாமே ஆன்லைனில் கிடைக்கின்றன. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ‘லேத் வாங்கியாச்சு, உளி வாங்கியாச்சு, வீடியோவும் பார்த்தாச்சு. அதில் ரிப்பன் மாதிரி சுருள் சுருளாக வருகிற சீவல், இங்கே மட்டும் ஏன் தூளாகக் கொட்டுது? உளி ஏன் திடீர்னு துள்ளுது?’

தூளாகக் கொட்டினால் உளி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். துள்ளினால், உளி சரியாக ஊன்றப்படவில்லை என்று அர்த்தம். முதல் தவறு பெரும்பாலும் இரண்டாவது தவறில் கொண்டுபோய் விடும். கடைசலில் அதிகம் புழங்கும் ‘ஸ்பிண்டில் கவுஜ்’ என்ற குழி உளியை எடுத்துக்கொண்டு, அது எப்படி வெட்டுகிறது, எப்படிப் பிடிப்பது, எப்படிச் சாணை பிடிப்பது என்று பார்க்கலாம்.

கடைசல் எவ்வளவு பழசு?

தமிழில் ‘கடை’ என்ற வினைச்சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை பார்த்தாலே தெரியும். மத்தில் கயிற்றைச் சுற்றி இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுப்பது போலத்தான் பழைய கடைசல் பொறியும் ஓடியது. மரத்துண்டில் சுற்றிய கயிற்றை ஒருவர் இழுத்து இழுத்து விடுவார், இன்னொருவர் உளியைப் பிடிப்பார். எகிப்தில் பெட்டோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறையில், சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட சிற்பத்தில் இருவர் சேர்ந்து கடைசல் வேலை செய்யும் காட்சியே இருக்கிறது.

இங்கிலாந்தில் ஹை விகம் ஊரைச் சுற்றியுள்ள சில்டர்ன் மலைக்காடுகளில், ‘பாட்ஜர்’ எனப்பட்ட தொழிலாளர்கள் காட்டிலேயே குடிசை போட்டு, பச்சை பீச் மரத்தில் நாற்காலிக் கால்களைக் கடைந்து அனுப்பினார்கள். அவர்களுடைய லேத்துக்கு மோட்டார் கிடையாது. காலால் மிதித்தால் மரம் ஒரு பக்கம் சுழலும். காலை எடுத்தால் மேலே வளைந்து நிற்கும் கழி கயிற்றை இழுத்து மரத்தைத் திருப்பிச் சுழற்றும். மிதிக்கும்போது மட்டும்தான் வெட்டு.

நம் பக்கத்தில் கர்நாடகத்தின் சன்னபட்டணா, ஆந்திரத்தின் ஏடிகொப்பாக்கா, தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்கள் கடைசல் பொம்மைகளுக்குப் பெயர் பெற்றவை. சன்னபட்டணா பொம்மைகளுக்கு வெட்பாலை மரம்தான் ஆதாரம். சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

உளியின் வடிவம் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் சுழலும் மரத்தைக் கூரான விளிம்பு சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

குழி உளி என்றால் எது?

லேத்தின் இரு முனைகளுக்கு நடுவே நீளவாக்கில் பொருத்தப்படும் மரத்துண்டுக்குத்தான் ‘ஸ்பிண்டில்’ என்று பெயர். இதில் மரத்தின் நார், சுழலும் அச்சுக்கு இணையாக ஓடும். கட்டில் கால், பூரிக்கட்டை எல்லாம் இந்த வகை. கிண்ணம் கடையும்போது கதை வேறு. அங்கே நார் பெரும்பாலும் குறுக்கே கிடக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை நாரின் வெட்டு முனையில் மோதும். அடி பலமாக விழும்.

இந்த வித்தியாசத்தால்தான் குழி உளியிலும் மூன்று வகை வந்தது.

ஸ்பிண்டில் கவுஜ்: உருண்டையான எஃகுக் கம்பி. அதன் மேல் பக்கத்தில் ஆழம் குறைந்த குழி ஓடும். நுனி, விரல் நகம் போல வளைந்திருக்கும். நுணுக்கமான வளைவுகளுக்கு இதுதான். 6, 10, 12 மி.மீ. அளவுகளில் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு 10 மி.மீ. உளி ஒன்று போதும்.

பவுல் கவுஜ்: குழி ஆழமாக இருக்கும், கம்பியும் தடிமனாக இருக்கும். கிண்ணம், தட்டு போன்றவற்றைக் கடைய உருவானது.

ரஃபிங் கவுஜ்: அகலமான அரைவட்ட உளி. சதுரக் கட்டையை உருட்டாக்கும் முதல் வேலைக்கு மட்டும்.

மூன்றாவது வகையில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பல ரஃபிங் கவுஜ்களில், கைப்பிடிக்குள் நுழையும் வால் பகுதி ஒல்லியான தட்டையாகத்தான் இருக்கும். இதைக் கிண்ணத்தில் வைத்து வெட்டினால், நாரின் வெட்டு முனை கொடுக்கும் அடியில் அந்த வால் முறிந்துபோகலாம். முறிந்த எஃகு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘ஸ்பிண்டில் ரஃபிங் கவுஜ்’ என்று முழுப் பெயரையும் போட்டே பலர் இதை விற்பது அதனால்தான். பார்க்கப் பெரிசா, பலமா இருக்கிறதே என்று கிண்ணத்துக்கு இதை எடுப்பது, தொடங்குபவர்கள் செய்யும் மிக ஆபத்தான தவறுகளில் ஒன்று.

உளி ஏன் இவ்வளவு சீக்கிரம் மழுங்குகிறது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 50 மி.மீ. விட்டமுள்ள கட்டை நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு சுமார் 157 மி.மீ. அப்படியானால், ஒரு நிமிடத்தில் உளியின் விளிம்பைக் கடந்து போகும் மரத்தின் நீளம் சுமார் 236 மீட்டர். 15 நிமிடம் விடாமல் வெட்டினால் மூன்றரைக் கிலோமீட்டர்!

சமையலறைக் கத்தி ஒரு நாள் முழுக்கக் காய் நறுக்கினாலும் இத்தனை தூரம் போகாது. அதனால், ‘போன வாரம்தானே சாணை பிடிச்சேன்’ என்ற கணக்கு கடைசலில் எடுபடாது. காய்ந்த, கெட்டியான மரம் என்றால் 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிரைண்டரைத் தொட்டுவிட்டு வருவது சாதாரணம்.

இப்போது விற்கும் உளிகளில் பெரும்பாலானவை எச்.எஸ்.எஸ் எனப்படும் ஹைஸ்பீடு ஸ்டீல். இது உலோகத்தை வெட்டுவதற்காக உருவான எஃகு. அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனத்தில் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் செய்த ஆய்வுகளில் இதற்கு வழி பிறந்தது. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இதை இயக்கிக் காட்டினார்கள். நுனி சிவக்கச் சூடேறிய பிறகும் உளி வெட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, அன்றைய பொறியாளர்கள் அசந்துபோனார்கள். சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை இந்த எஃகு தன் கடினத்தை இழப்பதில்லை.

பழைய கார்பன் ஸ்டீல் உளிகளுக்கு இந்தத் தாங்கும் சக்தி கிடையாது. 200 டிகிரியைத் தாண்டினாலே பதம் இறங்கத் தொடங்கிவிடும். சாணை பிடிக்கும்போது நுனி நீல நிறமானால், அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அந்த நீலப் பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தால்தான் உளி மறுபடியும் நிற்கும். தாத்தா காலத்து உளி வீட்டில் இருந்தால் இதை மறக்கக் கூடாது.

மழுங்கினால் வேலை மெதுவாகும், அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் இல்லை. கூரான உளியை மரத்தின் மேல் வைத்தாலே போதும், வெட்டத் தொடங்கிவிடும். மழுங்கிய உளி வெட்டாது. வெட்டாததால் கை தானாக அழுத்தம் கொடுக்கும். அந்த அழுத்தத்தில் உளி ஒரு கணம் நழுவினாலும், விளிம்பின் தாங்கப்படாத பகுதி சுழலும் மரத்தில் போய்க் குத்தும். மரம் அதைப் பிடித்துக் கீழே இழுக்கும். இதைத்தான் ‘கேட்ச்’ என்கிறார்கள். உளி மரத்தைக் கடித்துக்கொள்வது.

கேட்ச் ஆனால் என்னென்ன நடக்கலாம்? பாதி முடிந்த வேலைப்பாட்டில் திருகாணி போலச் சுருளாக ஒரு கீறல் விழும். ஒல்லியான கட்டை என்றால் இரண்டாக முறியும். லேத்தின் பிடியிலிருந்து கட்டை கழன்று பறக்கும். உளிக்கும் டூல் ரெஸ்டுக்கும் நடுவே விரல் மாட்டி நசுங்கும். இவற்றில் முதலாவதோடு தப்பித்தால் அதிர்ஷ்டம்.

மழுங்கியதைக் கண்டுபிடிக்க நான்கு அடையாளங்கள் உண்டு. சீவலுக்குப் பதில் தூள் வரும். வெட்டும் சத்தம் மாறும். ‘சர்ர்’ என்ற மெல்லிய ஒலி போய் கரகரப்பு வரும். வெட்டிய இடம் வழவழப்பாக இல்லாமல், நார் பிய்ந்தது போல் இருக்கும். நான்காவதுதான் நிச்சயமான சோதனை. உளியின் விளிம்பை விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. எங்காவது வெள்ளைக் கோடு மின்னினால், அந்த இடம் மழுங்கியிருக்கிறது.

உளியை எப்படிப் பிடிப்பது?

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். உளியின் வெட்டும் விளிம்புக்குப் பின்னால், சாணை பிடித்துச் சரிவாக்கிய பகுதிக்கு ‘பெவல்’ என்று பெயர். குழி உளியில் விளிம்பு வெட்டும், பெவல் தாங்கும். மரத்தின் மேல் பெவல் உரசிக்கொண்டே போனால்தான் வெட்டின் ஆழம் கட்டுக்குள் இருக்கும்.

வரிசை இதுதான்: ஊன்று, உரசு, வெட்டு.

ஊன்று: உளியின் உடல் முதலில் டூல் ரெஸ்டில் உட்கார வேண்டும். அதற்கு முன் மரத்தைத் தொடவே கூடாது.

உரசு: கைப்பிடியைத் தாழ்த்தி, பெவலின் பின்பகுதி சுழலும் மரத்தில் உரசும்படி வைக்க வேண்டும். இந்த நிலையில் உளி வெட்டாது, சும்மா தடவும்.

வெட்டு: இப்போது கைப்பிடியை மெதுவாக உயர்த்த வேண்டும். ஒரு கட்டத்தில் மெல்லிய சீவல் எட்டிப் பார்க்கும். விளிம்பு வேலையைத் தொடங்கிவிட்டது. அங்கிருந்து உளியை நகர்த்தலாம்.

டூல் ரெஸ்ட் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். உளி ஒரு நெம்புகோல். டூல் ரெஸ்ட் அதன் தாங்குமுனை. கைப்பிடியைப் பிடித்த கை ரெஸ்டிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருக்கிறது, உளியின் நுனி ரெஸ்டைத் தாண்டி 25 மி.மீ. நீட்டியிருக்கிறது என்றால், மரத்தைவிடக் கைக்கு 12 மடங்கு சாதகம். நுனி 75 மி.மீ. நீண்டால் அந்தச் சாதகம் நான்கு மடங்காகச் சுருங்கிவிடும். மரம் மெலிய மெலிய, லேத்தை நிறுத்தி ரெஸ்டை உள்ளே தள்ளிக்கொண்டே வர வேண்டும். ஓடும்போதே தள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும் மரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, ரெஸ்டில் எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே ஸ்விட்சைப் போட வேண்டும்.

வேகம்? கட்டை சதுரமாக இருக்கும்போது குறைவாகத் தொடங்குவதே நல்லது. இரண்டு அங்குலக் கட்டை என்றால், உருண்டையாகும் வரை 1,000 சுற்றை ஒட்டி, அதன் பிறகு 1,500 முதல் 2,000 வரை போகலாம். விட்டம் கூடக் கூட வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு

பென்சிலை பிளேடால் சீவியவர்களுக்கு இது உடனே புரியும். தடித்த பக்கத்திலிருந்து கூர்முனை நோக்கிச் சீவினால் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும். முனையிலிருந்து மேல்நோக்கிச் சீவிப் பாருங்கள், நாருக்குள் குத்தி மாட்டிக்கொள்ளும். கடைசலிலும் அதே விதிதான். ஸ்பிண்டில் வேலையில் எப்போதும் பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்துக்கே வெட்ட வேண்டும். அப்போதுதான், வெட்டுப்படும் ஒவ்வொரு நாருக்கும் கீழே இன்னொரு நார் தாங்கலாக இருக்கும்.

கடைசல் வேலைப்பாடு எதுவானாலும் இரண்டு அடிப்படை வடிவங்களின் கலவைதான். வெளியே புடைத்த மணி ஒன்று, உள்ளே குழிந்த பள்ளம் இன்னொன்று. இரண்டிலும் குழி உளிக்கு ஒரே சூத்திரம்: உளி எந்தப் பக்கம் போகிறதோ, அதன் குழி அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

மணி வடிவத்தை அதன் உச்சியில் தொடங்க வேண்டும். உளியின் குழியைக் கடிகாரத்தின் சின்ன முள்ளாக நினைத்துக்கொண்டால், தொடக்கத்தில் அது 12 மணியைக் காட்டும். வலப்பக்கம் இறங்க இறங்க உளியை உருட்டி, கைப்பிடியை உயர்த்திக்கொண்டே போனால், அடிவாரத்தைத் தொடும்போது குழி 3 மணியைப் பார்க்கும். இடப்பக்கம் இறங்கும்போது 9 மணி.

பள்ளம் வடிவத்துக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். பள்ளத்தின் வலது கரையில் தொடங்குகிறோம் என்றால், குழி முதலில் 9 மணியைப் பார்த்தபடி, விளிம்பு செங்குத்தாக மரத்தில் நுழைய வேண்டும். பிறகு கரண்டியால் தயிரை அள்ளுவது போல, குழியை மேல்நோக்கித் திருப்பிக்கொண்டே அடிப்பகுதிக்கு இறங்க வேண்டும். அடியைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று மறுகரையில் ஏறினால் உளி நாருக்கு எதிராகப் போகும், கேட்ச் அங்கேதான் காத்திருக்கும். மறுகரைக்கு உளியை எடுத்து, அங்கிருந்து குழி 3 மணியைப் பார்க்க மறுபடி இறங்க வேண்டும்.

வெட்டு நடக்கும் இடம் நுனிக்குச் சற்றுப் பக்கத்தில், பெவல் தாங்கியிருக்கும் பகுதியாக இருக்க வேண்டும். மேலே நிற்கும் இறக்கைப் பகுதி மரத்தில் பட்டால் உளி சுண்டி இழுக்கப்படும். கைகளைவிட உடம்பு அசைவதுதான் இங்கே சரியான முறை. கைப்பிடியை இடுப்போடு ஒட்டி வைத்து, கால் மாற்றிச் சாய்ந்தால் வளைவு தானாகச் சீராகும்.

சாணை பிடிப்பது எப்படி?

தேவையானது ஒரு பெஞ்ச் கிரைண்டர். 8 அங்குலக் கல் கொண்டதாக இருந்தால் நல்லது. நிமிடத்துக்கு 1,400 சுற்றை ஒட்டி ஓடும் மெதுவான மாடல், 2,800 சுற்று மாடலைவிடத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. மெதுவான மாடலிலேயே கல்லின் விளிம்பு மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. வேகமான மாடலில் அது இரு மடங்கு. கை தடுமாறினால் எஃகு காணாமல் போகும் வேகமும் அப்படியே இரு மடங்கு.

கல்லில் இரண்டு தேர்வுகள் உண்டு. வெள்ளை நிற அலுமினியம் ஆக்சைடு கல், 80 முதல் 120 கிரிட் வரை. விலை குறைவு, ஆனால் அவ்வப்போது முகத்தைச் சீர்செய்ய வேண்டும், தேயத் தேய விட்டமும் குறையும். இன்னொன்று சி.பி.என் சக்கரம், அதாவது கியூபிக் போரான் நைட்ரைடு. 1957-ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கிய இந்தப் பொருள், கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடத்தில் வைக்கப்படுவது. வைரம் கார்பன் என்பதால், அதிகச் சூட்டில் இரும்போடு வினைபுரிந்து தேயும். சி.பி.என்னுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. உலோகச் சக்கரத்தின் மேல் பூசப்படுவதால் விட்டம் மாறாது, கல் போல வெடிக்கவும் செய்யாது. விலைதான் அதிகம்.

பெவலின் கோணம் சுமார் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஸ்பிண்டில் வேலைகளுக்குச் சரியாக இருக்கும். 30 டிகிரிக்கு இறக்கினால் நுணுக்கமான இடுக்குகளுக்குள் நுழையும், ஆனால் விளிம்பு சீக்கிரம் மழுங்கும். 45-ஐத் தாண்டினால் விளிம்பு நீடிக்கும், இடுக்குகளுக்குள் போகாது.

சாணை பிடிக்கும் முறை இதுதான்.

முதலில், பெவல் முழுவதும் கறுப்பு மார்க்கர் பேனாவால் மை பூச வேண்டும். கிரைண்டர் ஓடாத நிலையில் உளியைக் கல்லில் வைத்து, கல்லைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால், எங்கே மை அழிந்திருக்கிறது என்று தெரியும். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் கைப்பிடியை இறக்க வேண்டும். பின்பகுதியில் மட்டும் அழிந்திருந்தால் ஏற்ற வேண்டும். மேலிருந்து கீழ் வரை சீராக அழிந்தால் கோணம் சரி.

இரண்டாவது, கிரைண்டரை ஓடவிட்டு, பெவலின் பின்பகுதி முதலில் கல்லைத் தொடும்படி வைத்து, மெதுவாகக் கைப்பிடியை உயர்த்த வேண்டும். மரத்தில் செய்யும் அதே ‘ஊன்று, உரசு, வெட்டு’ இங்கேயும் உண்டு. தீப்பொறி விளிம்பைத் தாண்டி, குழியின் மேல் பக்கம் எட்டிப் பார்த்தால் சாணை விளிம்பு வரை வந்துவிட்டது.

மூன்றாவது, உளியை இடமும் வலமும் உருட்டிக்கொண்டே கைப்பிடியைப் பக்கவாட்டில் வீச வேண்டும். நக வடிவம் வருவது இந்த இரண்டு அசைவும் சேரும்போதுதான். நுனியில் எஃகு குறைவு என்பதால் அங்கே நேரம் குறைவாகவும், பக்க இறக்கைகளில் சற்று அதிகமாகவும் செலவிட வேண்டும். நுனியிலேயே நின்றால் நுனி தட்டையாகிவிடும். ஒரு பக்கமே நின்றால் அங்கே பள்ளம் விழும்.

நான்காவது, அழுத்தவே கூடாது. உளியின் எடை போதும். ஏற்கெனவே நல்ல வடிவத்தில் இருக்கும் உளிக்கு இரண்டு மூன்று வீச்சு போதுமானது. நான்கைந்து நொடியில் முடிந்துவிடும் வேலை இது. வடிவத்தை மாற்றுவது ஒருமுறை செய்யும் வேலை. கூர் ஏற்றுவது தினமும் செய்யும் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒவ்வொரு முறையும் அரைத்துத் தள்ளினால், சில மாதத்தில் உளி குட்டையாகிவிடும்.

எச்.எஸ்.எஸ் உளி சூடானால் தண்ணீரில் முக்கக் கூடாது. திடீர்க் குளிர்ச்சியில் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். அப்படியே ஆறவிட வேண்டும். கார்பன் ஸ்டீலுக்கு விதி தலைகீழ். சூடேறும் முன்பே அடிக்கடி தண்ணீரில் முக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

கை பழகவில்லையே, என்ன செய்வது?

அதற்குத்தான் ஜிக் இருக்கிறது. உளியை ஒரு பிடிப்பானில் பொருத்தி, அதன் கால் கல்லுக்குக் கீழே நீண்டிருக்கும் ஒரு குழிவில் ஊன்றி நிற்கும். அங்கிருந்து இடமும் வலமும் ஆட்டினால் போதும், வடிவம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். மூன்று அளவுகள் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: பிடிப்பானிலிருந்து உளி எவ்வளவு நீண்டிருக்கிறது, பிடிப்பானின் கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது, ஊன்றும் குழிவு கல்லிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. இந்த அளவுகளை ஒரு மரத்துண்டில் வெட்டிக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

‘ஜிக் வைத்தால் கைப்பழக்கம் வராதே’ என்ற வாதம் உண்டு. தொடங்குபவருக்கு முதலில் தேவை, கூரான உளி என்றால் எப்படி வெட்டும் என்ற அனுபவம். அதை ஜிக் முதல் நாளே கொடுத்துவிடும். கையால் பிடிக்கும் பழக்கத்தைப் பிறகு வளர்த்துக்கொள்ளலாம்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? கத்தி, கத்தரிக்கோல், அரிவாளுக்கு அவர் கை தேர்ந்தது. ஆனால் குழி உளிக்கு, வளைந்த விளிம்பு முழுக்க ஒரே கோணம் வேண்டும். அவர் கச்சிதமாகவே பிடித்துக் கொடுத்தாலும், கால் மணி நேரத்தில் மறுபடி மழுங்கிவிடும். அதற்காக அவரைத் தேடி ஓட முடியுமா? கடைசலுக்கு வருபவர் சாணை பிடிக்கவும் கற்றே ஆக வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது.

எதையெல்லாம் மறக்கக் கூடாது?

லேத்திலும் கிரைண்டரிலும் கையுறை வேண்டாம். நூல் ஒன்று மாட்டினாலும் கையோடு இழுத்துவிடும். துப்பட்டா, வேட்டி நுனி, கழுத்துச் சங்கிலி, நீளமான முழுக்கை, அவிழ்ந்த கூந்தல் எல்லாவற்றுக்கும் அதே ஆபத்துதான்.

முகம் முழுவதையும் மறைக்கும் ஃபேஸ் ஷீல்டு அவசியம். சாதாரணக் கண்ணாடி, பறந்து வரும் கட்டையைத் தாங்காது. லேத்தை முடுக்கும்போது, மரம் சுழலும் நேர்கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும்.

மரத்தூளை ‘இயற்கையானதுதானே’ என்று விட்டுவிட முடியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. உப்புத்தாள் தேய்க்கும்போதுதான் நுண்தூள் அதிகம் பறக்கும் என்பதால், அப்போது தூசு வடிகட்டும் மாஸ்க் கட்டாயம். கூரான உளி இங்கேயும் உதவுகிறது. வெட்டு வழவழப்பாக இருந்தால் உப்புத்தாளின் வேலை குறையும், மூக்கில் ஏறும் தூளும் குறையும்.

சுழலும் மரத்துக்கு மெருகேற்றத் துணியைப் பயன்படுத்தக் கூடாது. அது சுற்றிக்கொண்டு விரலையும் இழுக்கும். சட்டெனக் கிழிந்துவிடும் டிஷ்யூ பேப்பரே பாதுகாப்பு.

புதுக் கல்லை கிரைண்டரில் மாட்டும் முன், விரலில் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். மணி போலக் கணீரென்று ஒலித்தால் கல் நல்லது. மொத்தையான சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம், மாட்டவே கூடாது. கிரைண்டரின் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது?

லேத்துக்குப் பட்ஜெட் போடும்போதே கிரைண்டருக்கும் ஜிக்குக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவிட வேண்டும். 12 உளிகள் கொண்ட மலிவான செட்டைவிட, நல்ல எச்.எஸ்.எஸ் உளி மூன்று இருந்தால் அதிக நாள் வேலை செய்யும். சதுரத்தை உருட்டாக்க ஒரு ரஃபிங் கவுஜ், ஒரு 10 மி.மீ. ஸ்பிண்டில் கவுஜ், வெட்டிப் பிரிக்க ஒரு பார்ட்டிங் டூல். இவ்வளவு போதும்.

புது உளி கூராகத்தான் வரும் என்று நம்பிவிட வேண்டாம். கடையிலிருந்து வரும் உளியில் பெவல் இருக்கும், ஆனால் அது கடைசலுக்கு ஏற்ற கூரோடு வருவது அரிது. முதல் வெட்டுக்கு முன் முதல் சாணை.

பயிற்சிக்கு விலை உயர்ந்த தேக்கு வேண்டாம். கணு இல்லாத, நார் நேராக ஓடும் ஏதாவது ஒரு கட்டை, ஓர் அடி நீளம், இரண்டு அங்குலத் தடிமன் இருந்தால் போதும். அதில் ஒரு மணி, ஒரு பள்ளம், ஒரு மணி, ஒரு பள்ளம் என்று வரிசையாக இறக்கிவிட்டு, எல்லாவற்றையும் வழித்து உருட்டாக்கி, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் லேத்தை நிறுத்தி, உளியின் விளிம்பை விளக்கின் கீழே பிடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோடு தெரிந்தால் கிரைண்டருக்குப் போக வேண்டும். கட்டை சுண்டுவிரல் பருமனுக்கு மெலிவதற்குள், அதற்குப் பத்துப் பதினைந்து தடவையாவது போய் வர வேண்டியிருக்கும். கை பழகுவது அந்தப் போக்குவரத்தில்தான்.